அச்சுப் பொறிக்கு ஒரு நிலையான கதவிலக்கம்

கூட்டுறவு விற்பனை நிலையங்களிலே கையால் எழுதும் ரசீது அருகிவிட்டது. துணி வாங்கினவருக்கு விலைச் சீட்டும், நூல் பெற்றுச் செல்லும் நெசவாளிக்குப் பற்றுச் சீட்டும், பாலையோ நெல்லையோ அளந்து கொடுக்கும் விவசாயிக்கு எடைச் சீட்டும் இன்று அச்சுப் பொறியிலிருந்தே வருகின்றன. கணிப்பொறி எவ்வளவு சரியாகக் கணக்கிட்டாலும் அங்கத்தினர் கையில் சேருவது அந்தக் காகிதம் ஒன்றே. காகிதம் வராத நாளில் அவரைப் பொறுத்தவரை கணக்கே நடக்கவில்லை.

இத்தகைய இடங்களிலே அடிக்கடி எழும் புகார் ஒன்று உண்டு. நேற்று மாலை வரை ஒழுங்காக அச்சடித்த பொறி இன்று காலையில் அசைய மறுக்கிறது. விளக்கு எரிகிறது, காகிதம் இருக்கிறது, மையும் இருக்கிறது. ஆயினும் கணிப்பொறித் திரையிலே ‘ஆஃப்லைன்’ என்ற சொல் தோன்றுகிறது. பழுது பார்ப்பவர் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார். கூலி பெற்றுச் செல்கிறார். பத்து நாள் கழித்து மீண்டும் அதே கதை. உடனே, கம்பியில்லா இணைப்பு நம்பத் தகுந்ததன்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அம்முடிவு பெரும்பாலும் தவறானது. வானில் செல்லும் அலையிலே குறை இருப்பது சில சமயந்தான். அச்சுப் பொறியின் முகவரி மாறிப் போயிருப்பதே பல சமயங்களிலும் காரணம். இதனை விளங்கிக்கொண்டால் சங்கத்தின் எழுத்தரே ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

தாமதத்தின் விலை சிறிதன்று. 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் ஆண்டுதோறும் தீபாவளியை ஒட்டித் தள்ளுபடி விற்பனை நடத்துவதை வாசகர் அறிவர். அந்நாட்களிலே சீட்டுப் போடும் இடத்தில் ஒரு மணி நேரம் வேலை நின்றால், வரிசையில் நிற்பவர்கள் பொறுத்திருக்க மாட்டார்கள். தியாகராய நகர் ஜவுளிக் கடைகளுக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். விற்காத சேலை அலமாரியில் தங்கினால் அதை நெய்தவரின் அடுத்த பாவுக்கு நூல் தாமதமாகிறது.

சர்வர் என்பவர் யார்?

‘பிரிண்ட் சர்வர்’ என்ற பெயரைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. மயிலாப்பூர்வாசிகளுக்கு சர்வர் என்றால் சிற்றுண்டிச் சாலையில் இட்டிலி கொண்டுவருபவர். அந்தப் பொருளையே இங்கும் வைத்துக்கொள்ளலாம். நான்கு மேசைகளில் அமர்ந்திருப்போர் நான்கு விதமாகக் கேட்கிறார்கள். சர்வர் அவற்றை வாங்கி, அடுப்பங்கரைக்கு ஒவ்வொன்றாகச் சொல்லி, வந்ததைக் கொண்டு கொடுக்கிறார். அவ்வாறே பல கணிப்பொறிகளிலிருந்து வரும் அச்சு வேலைகளை வாங்கி, ஒரே அச்சுப் பொறிக்கு வரிசையாக அனுப்புவது பிரிண்ட் சர்வர். அது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய தனிப் பெட்டியாக இருக்கலாம். ஒரு பக்கம் யு.எஸ்.பி. வாய், மறு பக்கம் கம்பி வலைக்கு ஒரு வாய், மேலே ஒரு சிறு அலைவாங்கி. இப்போது விற்கும் பல அச்சுப் பொறிகளில் இது உள்ளேயே அடங்கியிருக்கிறது. ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறியில் கப்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றியும் இவ்வேலையை வாங்கலாம். 2016-ல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் அதன் முதன்மை வகைகளில் கம்பியில்லா வசதி உள்ளேயே அமைந்துள்ளது. சொந்தமாகக் கற்றுக்கொள்ள ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் சங்கத்தில் இருந்தால் நாம் இதையே விரும்புவோம்.

தனிப் பெட்டி வாங்குவோர் ஒன்றைக் கேட்டறிய வேண்டும். விலை குறைந்த சில லேசர் பொறிகள் தாமாகச் சிந்திப்பதில்லை. கணிப்பொறியிலுள்ள மென்பொருளையே முழுதும் நம்பியிருப்பவை. அவை எல்லாப் பெட்டிகளுடனும் ஒத்துப் போகா. சங்கத்திலுள்ள பொறியின் பெயரைச் சொல்லி, அதனோடு இணைத்துக் காட்டச் சொன்ன பின்பே பணம் கொடுக்க வேண்டும்.

மாட வீதி வீடும் சுவரும்

மயிலாப்பூர் மாட வீதி ஒன்றில் பழைய வீட்டிலே ஒரு விற்பனை நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முகப்பு குறுகல், ஆழம் அதிகம். திண்ணை இருந்த இடத்தில் விற்பனை மேசை; நடுவில் முற்றம்; பின்கட்டில் சரக்கறை; மாடியில் காரியதரிசியின் அறை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய தடித்த சுவர்கள். இவற்றைத் துளைத்துக் கம்பி இழுக்க வீட்டுக்காரர் இணங்க மாட்டார். ஆகையால்தான் கம்பியில்லா முறை தேவைப்படுகிறது. அதே சுவர்தான் அலையையும் தடுக்கிறது.

வழக்கமான ரவுட்டர் இரண்டு பட்டைகளிலே அலை பரப்புகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முந்தையது வேகம் குறைந்தது, ஆனால் சுவரைக் கடப்பதில் கெட்டி; பிந்தையது வேகமானது, சுவரிலே சோர்ந்துவிடும். முன்னாளில் வீட்டு வானொலிப் பெட்டிக்கே தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டியிருந்த நம் நாட்டில், 2005 ஜனவரியில் 2.4 பட்டை உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. அச்சு வேலைக்கு அந்தப் பட்டையே போதும். பிரிண்ட் சர்வர்கள் பலவும் அதை மட்டுமே அறிந்தவை.

ரவுட்டரை இரும்பு பீரோவின் மேலோ பின்னோ வைப்பது வழக்கமான பிழை. உலர்ந்த துணிக் கட்டு அலையை அவ்வளவாகத் தடுக்காது, இரும்பு தடுத்துவிடும். முற்றத்தைப் பார்த்த உயரமான இடம் நல்லது. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்து மூவர் வலம் வரும் நாளிலும், நவராத்திரிக்கு வட மாட வீதியில் கொலுப் பொம்மைக் கடைகள் பரவியிருக்கும் நாட்களிலும் வாசலில் ஜனக் கூட்டம் நெருங்கி நிற்கிறது. மனித உடலும் இவ்வலையை உறிஞ்சும். அவர்கள் கையிலுள்ள தொலைபேசிகளும் அதே பட்டையிலே பேசும். ஆதலால் விற்பனை மேசைப் பொறிக்கும் ரவுட்டருக்கும் இடையே வாசல் கூட்டம் வராதபடி அமைத்தல் நலம்.

2.4 பட்டையில் பல வாய்க்கால்கள் உண்டு. ஒன்றோடொன்று கலவாமல் ஓடுபவை 1, 6, 11 ஆகிய மூன்றே. அண்டை வீட்டார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைத் தொலைபேசியிலே பார்த்து, கூட்டம் குறைந்த ஒன்றை ரவுட்டரில் நிலைப்படுத்திவிட வேண்டும். ‘தானாகத் தேர்வு செய்’ என்று விட்டுவிட்டால் ரவுட்டர் ஒரு நாள் 12 அல்லது 13-க்குப் போய்விடலாம். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த பெட்டிகள் 11-க்கு மேல் பார்ப்பதில்லை. அன்று காலையில் தொலைபேசிகள் எல்லாம் வேலை செய்யும். பிரிண்ட் சர்வர் மட்டும் வலையைக் காணாமல் தவிக்கும்.

முதலில் கம்பி

புதிய பெட்டியை எடுத்த எடுப்பிலே கம்பியில்லா முறையில் பேச வைக்க முயலக் கூடாது. அதற்கு இன்னும் நமது வலையின் பெயரும் தெரியாது, கடவுச் சொல்லும் தெரியாது. ஒரு முழம் கம்பியால் அதை ரவுட்டரோடு இணைத்து, ரவுட்டரின் பட்டியலில் அதற்குக் கிடைத்த எண்ணைப் பார்த்து, அவ்வெண்ணை உலாவியில் தட்டினால் அதன் உள்பக்கம் திறக்கும். முதற்காரியம், பெட்டியோடு வந்த நிர்வாகக் கடவுச் சொல்லை மாற்றுவது. அச்சொல் உலகெங்கும் ஒன்றே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பிறகு ‘வயர்லெஸ்’ என்ற பக்கம். ‘அட்-ஹாக்’, ‘இன்ஃப்ராஸ்ட்ரக்சர்’ என இரு வகை காட்டினால் பின்னதையே தெரிய வேண்டும். ரவுட்டர் வழியாகப் பேசும் முறை அது. வலையின் பெயரை எழுத்துப் பிசகாமல் இட வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அதற்கு வேறு வேறு. பெயரின் முடிவில் தெரியாமல் விழுந்த ஓர் இடைவெளியும் அதற்கு ஓர் எழுத்தே. காப்பு முறையாக டபிள்யூ.பி.ஏ. 2-ஐ ஏ.இ.எஸ். உடன் தேர்ந்தெடுக்க வேண்டும். மிகப் பழைய டபிள்யூ.இ.பி. முறை 2001-லேயே உடைக்கத் தக்கது என நிறுவப்பட்டுவிட்டது; அதை மட்டுமே அறிந்த பெட்டியை விலையின்றிக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 மேலானது, ஆனால் ரவுட்டரில் அதை மட்டும் அனுமதித்தால் முந்திய பெட்டிகள் உள்ளே வர இயலாது. இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையில் வைக்கலாம். கடவுச் சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். சங்கத்தின் பெயரும் ஆண்டும் சேர்ந்த கடவுச் சொல்லை எதிர் வரிசைக் கடைப் பையனும் ஊகித்துவிடுவான்.

கதவிலக்கம்

இனி, இக்கட்டுரையின் நடுப் பொருளுக்கு வருகிறோம்.

சென்னையிலே விலாசம் எழுதுவோர் ‘பழைய எண் இன்னது, புதிய எண் இன்னது’ என்று இரண்டையும் எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் எழுதினால் கடிதம் வேறு வீட்டுக்குப் போக இடமுண்டு. கணிப்பொறி வலையிலும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கதவிலக்கம் உண்டு, அதுவே ஐ.பி. முகவரி. 192.168.1.50 என்பது போல் நான்கு எண்கள் கொண்டது. வீட்டிலும் அலுவலகத்திலும் உள்வலைக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள் இவை, வெளியுலகில் செல்லா.

இந்த எண்ணைக் கொடுப்பவர் ரவுட்டர். அவர் அதைச் சொந்தமாகக் கொடுப்பதில்லை, குத்தகைக்கு விடுகிறார். குத்தகைக் காலம் சில மணி நேரமாகவோ ஒரு நாளாகவோ இருக்கலாம். கருவி விழித்திருந்தால் காலத்தில் புதுப்பித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை நிலையத்தை மூடி, அச்சுப் பொறியை அணைத்துவிட்டுப் போகிறோம், குத்தகை முடிந்துவிடுகிறது. திங்கட்கிழமை காலையில் முதலில் வந்த ஊழியரின் தொலைபேசிக்கு ரவுட்டர் அதே எண்ணைக் கொடுத்துவிடக்கூடும். பிறகு விழிக்கும் அச்சுப் பொறிக்கு வேறு எண் கிடைக்கிறது. கணிப்பொறியோ பழைய எண்ணுக்கே சீட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது; ஏற்பார் இல்லை; திரையில் ‘ஆஃப்லைன்’. மேலே சொன்ன புகாரின் மர்மம் இவ்வளவே. மறுபடி நிறுவியவர் அன்றைய எண்ணை எழுதிச் சென்றார். அடுத்த குத்தகை மாறும் வரை அது வேலை செய்தது.

ஆகவே அச்சுப் பொறிக்குக் குத்தகை உதவாது, பட்டா வேண்டும். அதற்கு இரு வழிகள் உள்ளன. பெட்டியின் உள்பக்கத்திலேயே நிலையான எண்ணை எழுதிவிடுவது ஒன்று. ரவுட்டரின் டி.எச்.சி.பி. பக்கத்தில், ‘இந்தக் கருவிக்கு என்றும் இந்த எண்ணே’ என்று ஒதுக்கி வைப்பது மற்றொன்று. நாம் இரண்டாவதையே பரிந்துரைப்போம். எல்லா ஒதுக்கீடுகளும் ஒரே ஏட்டில் இருக்கும். முதல் வழியைக் கைக்கொள்வோர், ரவுட்டர் குத்தகைக்கு விடும் வரம்புக்கு வெளியே எண்ணைத் தெரிய வேண்டும். ரவுட்டர் 100 முதல் 199 வரை கொடுப்பதாயின் அச்சுப் பொறிக்கு 50 ஏற்றது. வரம்புக்குள் ஓர் எண்ணை எழுதிவிட்டால், ஒரே கதவிலக்கம் இரு வீட்டுக்கு வந்த கதையாகும். சில சீட்டு வரும், சில வராது. முழுதும் நின்றுபோவதைவிட இது கண்டுபிடிக்கக் கடினம்.

ஒதுக்கீடு செய்கையில் ஒரு நுட்பம் உண்டு. அறிந்தவர்களும் இதில் இடறுவர். ரவுட்டர் கருவியை அடையாளம் காண்பது மேக் முகவரி என்னும் பிறப்பெண்ணால். இலக்கங்களும் முதல் ஆறு ஆங்கில எழுத்துக்களும் கலந்த 12 குறிகள் அது. பெட்டியின் கம்பி வாய்க்கு ஒரு பிறப்பெண்ணும் கம்பியில்லா வாய்க்கு வேறொரு பிறப்பெண்ணும் இருப்பது பெரும்பான்மை வழக்கம். கம்பியில் இணைத்தபோது கண்ட எண்ணுக்குப் பட்டா எழுதிவிட்டுக் கம்பியைப் பிடுங்கினால், கம்பியில்லா வாய் புதிய ஆளாக வந்து நிற்கும். பட்டா அதற்குச் செல்லாது. ஆகையால் கம்பியை எடுத்துவிட்டு, மின்சாரத்தை ஒரு முறை அணைத்துப் போட்டு, பெட்டி கம்பியில்லாமல் வலைக்குள் வந்த பிறகு, அப்போது பட்டியலில் தெரியும் பிறப்பெண்ணுக்கே ஒதுக்கீடு செய்ய வேண்டும். கம்பி செருகியிருக்கும் வரை கம்பியில்லா வாயைத் திறக்காத பெட்டிகளும் பல என்பதால், கம்பியை எடுக்காமல் சோதித்துவிட்டு, ‘வரவில்லையே’ என்று வருந்துவதிலும் பயனில்லை.

கணிப்பொறிப் பக்கம்

விண்டோஸ் தானாக அச்சுப் பொறியைக் கண்டுபிடித்து ‘டபிள்யூ.எஸ்.டி.’ என்ற பெயரில் ஒரு வழி அமைத்துக்கொள்ளும். வசதியாகத் தோன்றினாலும் இதையும் நம்பியிருக்க வேண்டாம். ‘ஸ்டாண்டர்ட் டி.சி.பி./ஐ.பி. போர்ட்’ என்பதைத் தேர்ந்து, நாம் ஒதுக்கிய எண்ணைக் கையால் இட வேண்டும். கதவிலக்கத்துக்குப் பின் வாசல் எண் ஒன்று கேட்கும்: நேரே அனுப்பும் முறைக்கு 9100, எல்.பி.டி. முறைக்கு 515, அதனுடன் பெட்டியின் குறிப்பேட்டில் தந்துள்ள வரிசைப் பெயரும் வேண்டும், ஐ.பி.பி. முறைக்கு 631. அதே பக்கத்தில் ‘எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ்’ என்ற கட்டத்தின் குறியை நீக்கிவிடுவது நல்லது. கணிப்பொறி அதன் மூலம் பெட்டியிடம் நலம் விசாரிக்கிறது; சில பெட்டிகள் அதற்குப் பதில் சொல்வதில்லை; சொல்லாததால் உயிரோடு இருக்கும் பொறியை ‘ஆஃப்லைன்’ என்று எழுதிவிடுகிறது.

தமிழ்ச் சீட்டு அடிப்போர்க்கு ஒரு வார்த்தை. நகல் தாளோடு அடிப்பதற்காகப் பல சங்கங்கள் இன்றும் ஊசி அச்சுப் பொறிகளை வைத்திருக்கின்றன. சென்னை நிறுவனமாகிய டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸின் எம்.எஸ்.பி. வரிசைப் பொறிகள் நம் பக்கத்துக் கடைகளில் நன்கு பழகியவை. ஊசிப் பொறிகளின் உள்ளே பொதுவாக ஆங்கில எழுத்துக்களே அடங்கியிருக்கும். தமிழ் எழுத்தை எழுத்தாக அனுப்பினால் புரியாத குறிகள் பக்கம் பக்கமாக வந்து விழும். அதைப் புள்ளிப் படமாக்கியே அனுப்ப வேண்டும். அதற்கு உரிய மென்பொருளைக் கணிப்பொறியில் தேர்ந்திருக்க வேண்டும். 40 வரி ஆங்கிலச் சீட்டு எழுத்தாகச் சென்றால் 3,200 எழுத்துக்கு மேற்படாது. அதே அளவுத் தாள் அங்குலத்துக்கு 180 புள்ளி வீதம் படமாகச் சென்றால் அதைப் போல் ஐம்பது மடங்குக்கு மேலாகும். ஆயினும் கம்பியில்லா வலைக்கு அது ஒரு பொருட்டன்று. நொடிப் பொழுதில் போய்விடும். தமிழ்ச் சீட்டு மெல்ல வருவது ஊசித் தலை பலமுறை ஓட வேண்டியிருப்பதால்தான். இதற்காக விலையுயர்ந்த ரவுட்டர் வாங்கியவர்கள் ஏமாந்தவர்களே.

அந்நியர் நுழையாமை

9100 என்ற வாசலில் காவலாளி கிடையாது. யார் அனுப்பினாலும் அச்சுப் பொறி அடித்துவிடும். 2018 நவம்பரில், இணையத்துக்குத் திறந்து கிடந்த ஏறக்குறைய 50,000 அச்சுப் பொறிகளில், உலகின் பல நாடுகளில், முன்பின் அறியாத ஒருவர் ஒரு யூடியூப்காரருக்கு ஆதரவான துண்டறிக்கையை அடிக்கச் செய்தார். அது விளையாட்டாகப் போயிற்று. நமது பொறி வழியே செல்வதோ அங்கத்தினரின் கூலிப் பட்டியலும் கடன் பாக்கியும். ஆதலால் ரவுட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ பகுதியில் இப்பொறிக்கு எந்த வழியும் திறக்கக் கூடாது. வாடிக்கையாளர்களுக்கு இலவச இணையம் கொடுக்கும் நிலையங்கள் விருந்தினர் வலை என்று தனியே ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். ஊழியர் ஒருவர் தமது கணிப்பொறியைத் தவறி விருந்தினர் வலையில் சேர்த்துவிட்டால் அங்கிருந்து அச்சு வராது. அது பழுதன்று, சுவர் நன்றாக நிற்கிறது என்பதற்கு அடையாளம். நிலையான எண்ணைப் பெட்டியிலேயே எழுதியவர்கள், ‘கேட்வே’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவைத்தால் பல பெட்டிகள் வெளியே பேச வழியின்றி உள்ளேயே அடங்கியிருக்கும்.

மின்சாரம் போய் வந்தால்

ரவுட்டர் விழித்தெழ ஓரிரு நிமிடம் ஆகும். பிரிண்ட் சர்வர் அதற்கு முன்பே எழுந்து, வலையைத் தேடிக் காணாமல், தனக்குத் தானே 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைச் சூட்டிக்கொள்வதுண்டு. சோதனைத் தாளிலே இவ்வெண்ணைக் கண்டால், ‘ரவுட்டர் எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை’ என்று அது சொல்வதாகக் கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் பொறுத்துப் பெட்டியை மட்டும் அணைத்துப் போட்டால் சரியாகும். ரவுட்டரையும் பிரிண்ட் சர்வரையும் சிறிய யு.பி.எஸ்.ஸில் வைத்தால் இத்தொல்லையே எழாது. லேசர் பொறியை அதில் சேர்க்க வேண்டாம். சூடேறும் கணத்தில் அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறு யு.பி.எஸ். தாங்காது.

எல்லாம் முடிந்த பின் ஒரு சோதனை. ரவுட்டர், சர்வர், அச்சுப் பொறி, கணிப்பொறி எல்லாவற்றையும் அணைத்து, ஒரு இரவு விட்டு, மறுநாள் காலை கணிப்பொறியையும் ஊழியர் தொலைபேசிகளையும் முதலில் வலையில் சேர்த்து, அச்சுப் பொறியைக் கடைசியில் போட வேண்டும். பிறகு விற்பனை மேசையிலிருந்தும் மாடியிலிருந்தும் ஒரே நேரத்தில் இரண்டு சீட்டு அனுப்ப வேண்டும். இரண்டும் வந்தால் பட்டா செல்லுபடியாயிற்று. வலையின் பெயர், வாய்க்கால் எண், பொறியின் கதவிலக்கம், அதன் கம்பியில்லாப் பிறப்பெண், வாசல் எண் ஆகிய ஐந்தையும் தேதியோடு சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில், அச்சுப் பொறி பதிந்துள்ள அதே பக்கத்தில் மையால் எழுதிக் காரியதரிசி கையொப்பமிடட்டும். கடவுச் சொற்கள் மட்டும் தனி உறையில் முத்திரையிட்டு ரொக்கப் பெட்டியில் இருக்கட்டும்.